மூச்சு நிற்கிறது என்று சொன்னேன்

1

சிங்கப்பூரில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆஸ்பத்திரி என்றால் "டாக்டரா?" என்பார்கள். இல்லை என்றால் "அப்ப நர்ஸு" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். குறட்டை விடுகிறவர்களுக்கு மெஷின் மாட்டிவிடுகிற வேலை என்று ஒரு தடவை திருச்சியில் சித்தி மகளிடம் சொன்னேன். "இதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்று கேட்டாள். அன்றோடு விளக்குவதை விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சிலருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சு போகிற வழி அடைத்துக்கொள்ளும். உடம்பு திடுக்கிட்டு அரைகுறையாக விழித்து மறுபடி மூச்சை இழுக்கும். தூங்குகிற ஆளுக்கு இது எதுவும் தெரியாது. ராத்திரி பூராவும் இப்படி நடந்தால், எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தவர் காலையில் மூட்டை தூக்கியவர்போல எழுந்திருப்பார். இதற்கு ஒரு மெஷின் உண்டு. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். அது காற்றை மெல்ல ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். தினமும் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

மெஷினைக் கொடுப்பது சுலபம். வாங்கிப் போனவர் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சிம் கார்டு இருக்கிறது. யார் எத்தனை மணி நேரம் போட்டுக்கொண்டார், எத்தனை மணிக்குக் கழற்றினார் என்பதெல்லாம் காலை எட்டரைக்கு என் திரையில் கோடு கோடாக வந்து நிற்கும். என் வீட்டுக்காரரைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது.

கோடு இல்லாதவர்களுக்கு ஃபோன் போடுவேன். மூக்கு அரிக்கிறது என்பார்கள், குழாய் கழுத்தைச் சுற்றுகிறது என்பார்கள், பேத்தி பார்த்து வீறிட்டு அழுகிறாள் என்பார்கள். ஒருவர், மெஷின் போட்டால் கனவே வருவதில்லை, கனவில்லாமல் என்ன தூக்கம் என்று சண்டைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கதைகளைக் கேட்கிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அதை ஆங்கிலத்தில் மறைத்துவிட முடிகிறது, தமிழில் முடிவதில்லை.

தமிழ் நோயாளிகள் எல்லோருக்கும் நான் "மிஸி". இங்கே நர்ஸுகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன். "சரி மிஸி" என்றார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று ஒரு பாட்டி கேட்டபோது, பார்க்கப் பட்டினி கிடக்கிறவள்போல இருக்கிறேனா என்று எனக்குச் சுருக்கென்றது. காலை டிபன் ஆச்சா என்று விசாரித்திருக்கிறார், பாவம். ஒரே பாஷைதான், ஆனாலும் வந்த புதிதில் இப்படி அங்கங்கே இடறி விழுந்துகொண்டிருந்தேன். பிறகு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2

கலியபெருமாள் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பாசிர் ரிஸ்ஸில் வீடு. இருபத்தெட்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறார். இங்கே டிரைவர் என்று சொல்வதில்லை, பஸ் கேப்டன். ஒரு நாள் காலை, ஆள் ஏறுவதற்காக பஸ் நிலையத்தில் நிறுத்தியிருந்த வண்டியில், ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். வண்டி நின்றிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பெனி விடவில்லை, டெஸ்டுக்கு அனுப்பியது. டெஸ்டில் மணிக்கு நாற்பது தடவை தொண்டை அடைக்கிறது என்று வந்தது.

கம்பெனி கேட்ட ரிப்போர்ட்டின் விதி இது: முப்பது இரவு கணக்கு. அதில் குறைந்தது இருபத்தொரு இரவு, இரவுக்கு நாலு மணி நேரமாவது மெஷின் ஓடியிருக்க வேண்டும். ஓடியிருந்தால் டாக்டர் கையெழுத்துப் போடுவார், அண்ணன் திரும்ப பஸ் ஏறலாம். இல்லையென்றால் அவர் பஸ் ஓட்டும் பிழைப்பு அதோடு முடிந்தது. ரிப்போர்ட் வரும்வரைக்கும் டெப்போவில், பயணிகள் விட்டுவிட்டுப் போன சாமான்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள்.

"இருபத்தெட்டு வருஷம் மிஸி. ஒரு சைக்கிளக்கூட உரசுனதில்ல. இப்ப உக்காந்து குடைக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருக்கேன் லா" என்றார் முதல் நாள், இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டுகிற "லா"வோடு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் மேஜையில் ஸ்டீரிங் பிடித்ததுபோல வட்டமாக இருந்தது.

கூட அவர் மனைவி புஷ்பவல்லி அக்கா வந்திருந்தார். லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட்டில், இந்த ஊர்ப் பேச்சில் பாசாரில், காய்கறிக் கடையில் வேலை. விடிகாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போய், மத்தியானத்துக்கு மேல் வீடு திரும்புகிறவர். எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி. தூக்கத்தில் மூச்சில் சின்னச் சின்ன இடைவெளி விழுகிறது என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினார். அண்ணன் தலையாட்டினார். அக்கா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "டாக்டர், நான் தமிழில் சொல்கிறேன்" என்று முந்திக்கொண்டேன். திருச்சித் தமிழ் கையில் இருக்கும்போது சும்மா இருக்க மனசு வருமா?

"அக்கா, அண்ணனுக்குத் தூக்கத்துல மணிக்கு நாப்பது தடவ மூச்சு நிக்குது" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நிக்குதா?"

"ஆமாக்கா. நிக்கும், அப்புறம் வரும்."

"வரலன்னா?"

"அதெல்லாம் வரும். அதுக்குத்தான் மெஷின் குடுக்கறோம்."

 அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். எவ்வளவு கச்சிதமாகப் புரியவைத்தாய் என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

3

முதல் இரவு கோடு முக்கால் மணி நேரம். இரண்டாவது இரவு ஐம்பது நிமிடம். மூன்றாவது, நாலாவது, எல்லாமே அப்படித்தான். புதிதாகப் போடுகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிவது சகஜம். ஆனால் அப்படி எறிந்தால் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், காற்று வெளியே கொட்டும், திரையில் கோடு கண்டபடி எகிறும். இவர் கோடு அப்படி எகிறவே இல்லை. முக்கால் மணி நேரம் அழகாக, சீராக ஓடி, கத்தரித்ததுபோல நின்றது. விழித்திருக்கிற ஆள் பட்டனை அழுத்தி நிறுத்தினால்தான் அப்படி வரும்.

ஆறாவது நாள் காலையில் ஃபோன் போட்டேன்.

"அண்ணே, ஏன் ஆஃப் பண்றீங்க?"

"நான் பண்ணல மிஸி. போட்டுட்டுத்தான் படுக்குறேன். காலையில பாத்தா மாஸ்க் பக்கத்து மேசையில இருக்கு."

"மேசைக்கு அதுவா நடந்து போச்சா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்கு இங்க தெரியுதுண்ணே, பட்டன அமுக்கித்தான் நிறுத்தியிருக்கு. நீங்க பொய் சொன்னாலும் மெஷின் சொல்லாது."

 "இந்த வயசுல பொய் சொல்லி நான் என்ன மிஸி பண்ணப் போறேன்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. நான் நம்பவில்லை. போடுகிறேன் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடாதவர்கள் எனக்கு வாரத்துக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். லைசென்ஸ் போனால் அப்புறம் என்னிடம் வந்து அழக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

4

அடுத்த வாரம் அப்பாவுக்குத் திதி வந்தது. ஊரில் என் கூடப்பிறந்த அண்ணன் முறைப்படி செய்துவிடுவான். நான் இங்கே ஒரு நாள் லீவு போட்டு, கோயிலில் அரிசியும் வாழைக்காயும் கொடுத்துவிட்டு வருவேன். மகன் கவினைக் கூப்பிட்டேன். பதினாறு வயது. "ப்ராஜெக்ட் மீட்டிங் இருக்கு மா" என்றான். தாத்தா என்றால் அவனுக்கு ஃபோனில் கேட்ட குரல் மட்டும்தான். வற்புறுத்தவில்லை. வீடு இருக்கும் தெம்பனிஸிலிருந்து ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா பாசாருக்குள் நுழைந்தேன்.

புஷ்பவல்லி அக்கா எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது. அவர்தான் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மிஸி! வாங்க வாங்க. பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா. ரெண்டு வாழைக்கா, ஒரு துண்டு பூசணி, அகத்திக்கீரை இருந்தா ஒரு கட்டு."

காய்கறிக் கடைக்காரருக்கு இந்தப் பட்டியல் போதும். எடுத்த வாழைக்காயைத் தராசில் வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"திதியா? யாருக்கு?"

"அப்பாவுக்கு. பத்து வருஷம் ஆச்சு."

"எப்படிப் போனாரு?"

"தூக்கத்துலயே போயிட்டாருக்கா."

பத்து வருஷமாக இந்தப் பதிலைச் சொல்லி வருகிறேன். கேட்கிறவர்கள் உடனே "குடுத்து வச்சவரு" என்பார்கள். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு தரவில்லை, எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். அக்கா அதைச் சொல்லவில்லை.

"கொறட்ட விடுவாரா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. 

அப்பாவின் குறட்டை எங்கள் சொந்தத்தில் பெரிய வேடிக்கை. கல்யாண மண்டபத்தில் அவரோடு ஒரே அறையில் படுக்க யாரும் வரமாட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செராக்ஸ் கடை வைத்திருந்தார். மத்தியானம் நாற்காலியில் கண்ணை மூடினால், எதிர்க் கடைக்காரர் மெஷின் ரிப்பேரா என்று கேட்டுக் கிண்டல் செய்வார். நான் இங்கே வந்த பிறகு, அம்மா ஃபோனை அவர் மூக்குக்கு நேரே பிடித்து "உங்கப்பா பேசுறாரு, கேளு" என்பார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தச் சத்தம் நடுவில் அறுந்துபோய், கொஞ்சம் கழித்து விக்கலாகத் திரும்பி வருவதை நான் கேட்டிருக்கிறேன். அப்போது இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லி டெஸ்ட் எடுக்க வைக்கலாம் என்று விட்டுவிட்டேன். அலட்சியம்தான் அது, வேறு பெயர் வைக்க முடியாது.

"விடுவாருக்கா. பயங்கரமா" என்றேன்.

"மூச்சு நின்னுதான் போனாரா?"

"தெரியலக்கா. டெஸ்ட் எடுக்கல. நானும் எடுக்கச் சொல்லல."

அக்கா வாழைக்காயைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மிஸி, அவரத் திட்டாதீங்க. நான்தான் கழட்டுறேன்."

"எதை?"

"மெஷின. அவரு போட்டுக்கிட்டுதான் படுக்குறாரு. நான்தான் மெதுவா கழட்டி, பட்டன அமுக்கி, மேசையில வச்சிடுறேன். இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு, அவருக்கு எங்க தெரியப் போகுது?"

"ஏன்க்கா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருப்பேன், பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நீங்கதான மூச்சு நிக்குதுன்னு சொன்னீங்க. முப்பது வருஷமா அவரு கொறட்டையக் கேட்டுத்தான் மிஸி நான் தூங்குறேன். சத்தம் வருதா, ஆளு இருக்காருன்னு அர்த்தம். மெஷின் போட்டா சத்தமே இல்ல. கப்சிப். மூச்சு ஓடுதா நின்னுடுச்சான்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது? கொஞ்ச நேரம் பாப்பேன், பாப்பேன், நெஞ்சு படபடன்னு வந்துரும். கழட்டுனதும் கொர்ருன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அப்பாடான்னு இருக்கும். அப்புறம்தான் நான் கண்ண மூடுவேன்."

 என் மனசில் கணக்கு மட்டும்தான் ஓடியது. ஒன்பது இரவு வீணாகிவிட்டது. மிச்சம் இருப்பது சரியாக இருபத்தொன்று.

"அக்கா, நல்லாக் கேளுங்க. இன்னிலேருந்து ஒரு ராத்திரி தப்பினாலும் அண்ணன் இனிமே பஸ் ஓட்ட முடியாது. ஒரே ஒரு ராத்திரி."

"ஐயோ, அவருகிட்ட சொல்லிடாதீங்க மிஸி. நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா..."

"சொல்லல. ஆனா நீங்க கழட்டக் கூடாது."

"அப்ப நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

எனக்குப் பின்னால் இரண்டு பேர் கத்தரிக்காயோடு நின்றார்கள். கடை முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தோன்றியதைச் சொன்னேன். "வயித்து மேல கை வச்சுப் பாருங்க. ஏறி ஏறி இறங்கும். அது ஏறி இறங்குற வரைக்கும் மூச்சு ஓடுதுன்னு அர்த்தம்."

அக்கா தலையாட்டினார். வாழைக்காயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம், ஒரு சிக்கலை எவ்வளவு சுருக்காகத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்பாவை நினைக்கப் போனவள், கலியபெருமாள் அண்ணனின் இருபத்தொரு இரவை எண்ணிக்கொண்டே அரிசியை நீட்டினேன்.

5

கலியபெருமாள் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க ஃபோன் போட்டேன். அக்கா விஷயத்தைச் சொல்லாமல், "மெஷின்ல ஏதோ செட்டிங் தப்புண்ணே, உங்க மேல தப்பில்ல" என்று சமாளித்தேன். "நான்தான் சொன்னேனே லா" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். கவின் ஃபோனைப் பார்த்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பேசும் தமிழ் அவனுக்கு எப்போதும் பின்னணிச் சத்தம். திடீரென்று நிமிர்ந்தான்.

"வெயிட் மா. அவங்ககிட்ட 'மூச்சு நிக்குது'ன்னா சொன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

"அது டெட்னுதான அர்த்தம்?"

"மூச்சு நின்னுடுச்சுன்னாதான் அந்த அர்த்தம். நிக்குதுன்னா வேற."

"சேம் திங் லா. தாத்தா இறந்தப்ப நீங்க கிச்சன்ல நின்னு ஃபோன்ல அதான சொன்னீங்க. 'தூக்கத்துலயே மூச்சு நின்னுடுச்சாம்'னு. அப்ப எனக்கு ஆறு வயசு. அந்தத் தமிழ் மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டு மறுபடி ஃபோனுக்குள் போய்விட்டான். நான் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழ் அவனை விட்டுப் போய்விட்டது என்று நானும் என் வீட்டுக்காரரும் எத்தனை தடவை புலம்பியிருப்போம். பள்ளிக்கூடத்தில் அவன் எழுதும் கட்டுரைகளைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணின் காதில் அந்த வார்த்தை எப்படி விழும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நோய்க்கு ஆங்கிலத்தில் இருக்கிற விளக்கத்தை அப்படியே தமிழில் போட்டிருக்கிறேன். புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, மணிக்கு நாற்பது தடவை சாகிறார் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து வார்த்தையை மாற்றினேன். "தூங்குறப்ப தொண்ட அடச்சுக்குது, மெஷின் காத்து அதத் தெறந்து வைக்குது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "ஓ, அவ்வளவுதானா" என்றார்கள். புஷ்பவல்லி அக்காவிடம் மட்டும் திருத்திச் சொல்லவில்லை. கோடு நாலு மணி நேரத்தைத் தாண்டி, ஐந்து, ஆறு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதை எதற்குக் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

6

முப்பது இரவு முடிந்தது. கடைசி இருபத்தொன்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அண்ணன் அயர்ன் பண்ணிய சட்டையில் வந்தார். முகம் தெளிந்திருந்தது. "மிஸி, காலையில அலாரத்துக்கு முன்னாடியே முழிச்சிடுறேன். முன்னல்லாம் அலாரத்தையே ஒடச்சுப் போடலாம்னு வரும்" என்றார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் திரும்ப பஸ். அண்ணன் எழுந்து நின்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்காரர், கண் கலங்கிவிட்டது.

"எங்க அக்கா?" என்றேன்.

"வெளிய உக்காந்து தூங்குறா. இப்பல்லாம் எங்க உக்காந்தாலும் தூக்கம்தான். பஸ்ல தூங்குறா, கடையில வெங்காய மூட்ட மேல தூங்குறா. போன வாரம் காய் நறுக்குறப்ப அசந்துபோயி கைய வெட்டிக்கிட்டா. இவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும் போல மிஸி!" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போனேன். அக்கா நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார். விரலில் கட்டு. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. தோளைத் தொட்டதும் திடுக்கென்று எழுந்து, "கையெழுத்துப் போட்டாங்களா?" என்றார்.

"போட்டாச்சுக்கா. நீங்க ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குறீங்க?"

"எங்க தூங்குறது மிஸி? வயித்து மேல கை வச்சிக்கிட்டு இருக்கணும்ல. நான் தூங்கிட்டா கை நழுவிடுது."

"ராத்திரி பூராவுமா?"

"நீங்க அப்படித்தான சொன்னீங்க?"

இருபத்தொரு இரவு. கைவைத்துப் பாருங்கள் என்று சொன்னேனே தவிர, எப்போது எடுக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குத் தேவைப்பட்டது கோடு. அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "என்ன வயித்து மேல கை?" என்றார். இனி மறைக்க முடியாது. அக்கா தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், மாஸ்க்கைக் கழற்றிய ஒன்பது இரவையும் சேர்த்து. அண்ணன் கோபப்படுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"லூசாடி நீ?" என்றார். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "பேசாம தூங்கு. செத்தா நானே எழுப்பிச் சொல்றேன்" என்றார்.

"வாயக் கழுவுங்க!" என்று அக்கா அவர் கையில் பட்டென்று அடித்தார்.

இரண்டு பேரையும் என் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். "அக்கா, அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். இந்த வேலையில் இப்படி ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை. "மூச்சு நிக்கல. தொண்ட அடச்சுக்குது, அவ்வளவுதான். இப்ப மெஷின் அதத் தெறந்தே வச்சிருக்கு. பாருங்க, மணிக்கு நாப்பது இருந்தது இப்ப ரெண்டு."

அக்கா ரிப்போர்ட்டைக் குனிந்து பார்த்தார். "அந்த ரெண்டு எப்ப?"

"எனக்கும் உங்களுக்கும்கூட ரெண்டு வரும்க்கா. அது எல்லாருக்கும் உள்ளது. சத்தம் வந்துச்சே முன்னாடி, அதுதான் அடைப்பு. சத்தம் இல்லன்னா வழி தெறந்திருக்கு, காத்து நல்லா போகுதுன்னு அர்த்தம்."

அக்கா ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"இத அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல மிஸி?"

"சொல்லியிருக்கலாம்க்கா."

 அக்கா திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அடுத்த நோயாளி வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று ராத்திரி கையை எடுத்துவிட்டுத் தூங்குவதாக அக்கா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட முகமாக எனக்குத் தெரியவில்லை.

7

மறுநாள் காலை எட்டரைக்கு, வேறு யாரையும் பார்க்காமல் முதலில் அவர் கோட்டைத்தான் திறந்தேன். இரண்டு மணி பத்து நிமிடம். கத்தரித்ததுபோல நின்றிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரிப்போர்ட் கைக்கு வந்த அடுத்த நாளே மெஷினை ஓரங்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் அக்கா மறுபடி ஆரம்பித்துவிட்டார். இரண்டில் எதுவாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று ஃபோனை எடுத்தேன்.

"அண்ணே, என்ன இது? ரெண்டே மணி நேரம்? அக்கா கழட்டினாங்களா?"

"இல்ல மிஸி, நானேதான் கழட்டுனேன்." ரகசியம் பேசுகிற குரலில் பேசினார். "மெதுவாப் பேசுங்க, இவ இன்னும் எந்திரிக்கல."

"கடைக்குப் போகலையா?"

"நான் ஃபோன் பண்ணி லீவு சொல்லிட்டேன். நேத்து எட்டு மணிக்குப் படுத்தவ. அசையல. நடு ராத்திரியில ஒரு சத்தம், நான் திடுக்குன்னு முழிச்சிட்டேன். பாத்தா இவ கொறட்ட விடுறா! இவளுக்குக் கொறட்ட வரும்னே எனக்குத் தெரியாது மிஸி. முப்பது வருஷம், என் சத்தத்துல இவ சத்தத்த நான் கேட்டதே இல்ல."

"சரி, அதுக்கு ஏன் மெஷினக் கழட்டினீங்க?"

"காத்து ஊதுற சத்தத்துல சரியாக் கேக்கல லா. கழட்டி வச்சிட்டு, அப்படியே கேட்டுக்கிட்டு படுத்திருந்தேன்."

திட்டுவதற்காக நான் எடுத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் உதவவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் அக்காவை எழுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவரும் எழுப்புவதாக இல்லை.